கோஹிமாவில் கைடுக்குக் கொடுக்கிற காசு

வடகிழக்குப் பக்கம் மாற்றல் ஆர்டர் வந்தா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அம்மா ஜாதகத்தை எடுப்பாங்க. ஆபீஸ்ல துக்கம் விசாரிக்கிற மாதிரி கை குடுப்பாங்க. பேங்க் மட்டுமில்லை, ரயில்வே, எண்ணெய்க் கம்பெனி, ராணுவம்னு கௌஹாத்திக்கு வந்து சேர்ற எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதே கதைதான். அப்புறம் மூணு வருஷம் ஓடிடும். ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களுக்குக் காமாக்யா, ஷில்லாங், சிரபுஞ்சி, காசிரங்கான்னு காட்டிட்டு நாமளும் மூட்டை கட்டிடுவோம்.

அந்த லிஸ்ட்ல கோஹிமாவையும் சேருங்க. போனா, உள்ளூர் கைடு ஒருத்தரை உங்க குடும்பத்துக்குன்னு தனியா வெச்சுக்குங்க. அவர் கேக்கற காசைப் பேரம் பேசாம குடுங்க. இதுதான் என் கட்சி.

கைடு இல்லாம போனா கோஹிமா நெரிசலான ஒரு மலை ஊர், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்துல இருபது நிமிஷம், நாலு போட்டோ, அப்புறம் எங்க சாப்பிடலாம்னு பேச்சு. இங்க 1944 ஏப்ரல் 4ல ஆரம்பிச்சு ஜூன் 22 வரைக்கும் நடந்ததை மண்ணைக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

எங்க கைடு முதல்ல காட்டினது கல்லறையை இல்லை, ரோட்டை. டிமாப்பூர்ல ரயில். அங்க சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ராணுவக் கிடங்கு. அங்கேர்ந்து இம்பாலுக்குச் சாமான் போக இருந்த ஒரே நல்ல ரோடு இந்த மலைமுகட்டைத் தாண்டித்தான் போகுது. இதைப் பிடிச்சா எல்லாத்தையும் பிடிச்ச மாதிரி. அதுக்காக ஜப்பானோட 31வது டிவிஷன், சுமார் 15,000 பேர், மலை ஏறி வந்தது. முற்றுகைக்குள்ள சண்டை போடக்கூடியவங்க 1,500 பேர் அளவுக்குத்தான். ரோட்டு வளைவுல நின்னு இதைக் கேட்டப்போ, ஒன்பதாவது படிக்கிற என் பையன் முதல் தடவையா செல்போனைப் பாக்கெட்ல போட்டான்.

அடுத்தது டெபுடி கமிஷனர் பங்களாவோட டென்னிஸ் கோர்ட். பங்களா சண்டையிலேயே போச்சு. கோர்ட்டோட கோடுகளை மட்டும் இன்னிக்கும் கல்லறைத் தோட்டத்துக்குள்ள குறிச்சு வெச்சிருக்காங்க. ஒரு டென்னிஸ் கோர்ட்டோட நீளம் 24 மீட்டர் கூடக் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, நடுவுல கையெறி குண்டு. கைடு என்னை ஒரு கோட்டுலயும் பையனை எதிர்க் கோட்டுலயும் நிக்கச் சொன்னார். அதுக்கு மேல அவர் ஒண்ணும் விளக்கலை. விளக்கவும் வேண்டியிருக்கலை.

ஜப்பான் தளபதி சாட்டோ கதையும் கேக்க வேண்டியது. சுமார் மூணு வாரச் சாப்பாட்டோட வந்தவங்க. மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்துக்கிட்டே இருந்தது, அரிசி வரலை. (டார்கெட் மட்டும் வரும், ஆள் வராதுங்கிறது பேங்க்காரங்களுக்குப் புரியும்.) மே மாசக் கடைசியில, உத்தரவு இல்லாமலேயே படையைத் திருப்பிட்டார். பதவி போச்சு. திரும்பிப் போற வழியில பசியிலயும் நோயிலயும் செத்தவங்க ஏராளம்.

கல்லறைத் தோட்டத்துல 1,420 பேரைப் புதைச்சிருக்காங்க. மேல் கோடியில இருக்கிற நினைவுச் சின்னம், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கானது. பலபேர் அதுவரைக்கும் ஏறாமலேயே திரும்பிடறாங்க. எதிர்ப்பக்கம் ஜப்பானியர்களோட இந்திய தேசிய ராணுவமும் வந்தது. அதுல மலேயாவுலேர்ந்து சேர்ந்த தமிழங்க நிறையப்பேர். ஆக ரெண்டு பக்கமும் இந்தியர்கள்.

யாரோட மண்ணுல இது நடந்ததோ அந்த நாகா ஜனங்களுக்கு அங்க வரிசையா கல் கிடையாது. வழி காட்டினாங்க, காயம்பட்டவங்களைத் தூக்கினாங்க, வேவு பார்த்தாங்க. ஊர் குண்டுல எரிஞ்சது. எங்க கைடு அங்காமிக்காரர். அவங்க பாட்டி காட்டுல ஒளிஞ்சிருந்துட்டுத் திரும்பி வந்தப்போ, வீடு எங்க இருந்ததுன்னு அடையாளமே தெரியலையாம். எந்தக் கல்வெட்டுலயும் இது இல்லை. அவர் வாயிலதான் இருக்கு. நாம குடுக்கிற காசு அதுக்குத்தான்.

"எல்லாம் நெட்டுல இருக்கே, கைடு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. தேதியும் எண்ணிக்கையும் இருக்கு. ஆனா நெட்டுக்கிட்ட "உங்க கிராமத்துல என்ன ஆச்சு?"ன்னு கேக்க முடியாது. "செத்த இடத்தைச் சுத்திப் பாக்கறது ஒரு பொழுதுபோக்கா?"ன்னு என் மனைவியே கேட்டாங்க. நியாயமான கேள்வி. செல்ஃபி எடுக்கப் போனா அது பொழுதுபோக்குதான். ஊர்க்காரர் பேச, நாம வாயை மூடிட்டுக் கேட்டா, அது வேற. கைடு வீரக்கதையா அடுக்கிக்கிட்டே போனா, அவரைக் கொஞ்சம் நிறுத்தி அந்தக் கிராமக் கேள்வியைக் கேளுங்க.

சில நடைமுறை விஷயம். நாகாலாந்துக்கு நமக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேணும், ஆன்லைன்லயே எடுக்கலாம். டிமாப்பூர்லேர்ந்து கோஹிமா 74 கிலோமீட்டர் அளவு. மழைக்காலத்துல மண்சரிவு வரும். டிசம்பர் 1 முதல் 10 வரைக்கும் ஹார்ன்பில் விழா, ரூம் கிடைக்கிறது கஷ்டம். விழா நடக்கிற கிசாமாவுலேயே போர் மியூசியமும் இருக்கு. கைடுகிட்ட கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்குங்க, அரை நாளாவது ஒதுக்குங்க. அப்படியே மணிப்பூர் பக்கம் மொய்ராங் போக ஆசை இருந்தா, 2023 மே மாசம் அங்க கலவரம் ஆரம்பிச்சதை மனசுல வெச்சு, நிலைமையை விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

நாம இந்த ஊர்கள்ல டெபாசிட் வாங்கறோம், கடன் குடுக்கறோம், சம்பளம் எடுக்கறோம். பிள்ளைங்க இங்கேயே வளருது. அதுங்ககிட்ட நாளைக்கு யாராவது "வடகிழக்குல இருந்தியாமே, எப்படி இருந்தது?"ன்னு கேட்டா, "ஒரே மழை"ன்னு மட்டும் சொல்லக்கூடாது இல்லையா?