விலைக்கு வராத பாட்டு



தென்னேரியிலும் வாலாஜாபாத்துப் பக்கத்திலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தாமே பாட்டுக் கட்டி, கைபேசியில் பதிந்து, கூட்டாளிகளுக்கு அனுப்புகிறார்கள். "இதில் என்ன வருமானம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கூலி போதாத வீட்டில் இது நியாயமான கேள்விதான். ஆனால் வருமானம் இல்லாததெல்லாம் வீண் என்பது உழைப்பாளியின் கணக்கா, முதலாளியின் கணக்கா?

ஏற்றம் இறைத்த காலத்தில் நம் முன்னோர் பாடியது எந்தக் கம்பெனிக்காக? எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணவும், களைப்பை மறக்கவுமே ஏற்றப்பாட்டு பிறந்தது. மின் மோட்டார் வந்ததும் ஏற்றம் போயிற்று, பாட்டும் போயிற்று. ஏற்றம் போனதற்காக நாம் அழவில்லை. அதை மிதித்த கால்களுக்குத் தெரியும் அந்தச் சுகம்! பாட்டு போனதுதான் நஷ்டம்.

1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது. முந்திய ஆண்டு கேரளத்தில் அமைந்த தோழர் இ.எம்.எஸ். மந்திரிசபைக்கு அது ஒரு சோதனை. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிப் போய் அவர்கள் நடுவே பாடினார். தோழர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். பாட்டு மட்டுமே வெற்றி தேடித் தந்தது என்று நாம் சொல்லவில்லை. சங்கம் கட்டிய கைகள் பல. ஆனால் நாள் முழுதும் கொழுந்து கிள்ளிய பெண், நீண்ட பிரசங்கத்தை மறந்தாலும் பாட்டை வீட்டுக்குக் கொண்டு போவாள். அண்ணனோடு ஊர் ஊராய்ப் போய் ஆர்மோனியம் வாசித்த தம்பிதான், 1976-ல் 'அன்னக்கிளி' படத்தால் நாடறிந்த இளையராஜா. வரதராசன் அதைக் காணவில்லை, 1973-லேயே மறைந்துவிட்டார். பணம் சேர்க்காத அந்த மனிதரைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இலவசமாகப் பாடு, இலவசமாக அடி என்பது நம் நாட்டில் பழைய அக்கிரமமும் கூட. சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது உன் சாதிக் கடமை என்று ஏவினார்கள். கூலி கேட்டால் உதைத்தார்கள். அடிக்க மாட்டோம் என்று சேரி மக்கள் மறுத்து நின்றது வீரப் போராட்டம். சமமானவன் சமமானவனுக்கு மனமுவந்து தருவது வேறு, அடிமையிடம் பிடுங்குவது வேறு. கலையால் பிழைப்பவனுக்குக் கூலி தந்தே தீரவேண்டும், நம் மாநாட்டு மேடையிலும்தான். திரைப்பட வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய தோழர் எம்.பி. சீனிவாசனே, 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களையும் கூடிப் பாட வைத்தார். அவருக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகப் படவில்லை.

இன்னொரு சுரண்டலும் உண்டு. பிள்ளைகள் நட்புக்காகத் தரும் பாட்டின் இடையில் விளம்பரத்தைச் செருகி, கடல் கடந்த கம்பெனிகள் லாபம் குவிக்கின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைக் காட்டிப் பிள்ளைகளை ஏங்க வைக்கின்றன. பத்தாயிரம் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போவதைவிட, தறிக்குழியில் நாடா ஓட்டும் பத்துப் பேர் கூடவே பாடுவது மேல் என்பது நம் கருத்து.

ஆகவே சங்க அலுவலகத்தின் கதவை மாலையில் இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தலைவர் வரத் தாமதமானால் கூட்டத்தைப் பிடித்து வைக்க மட்டும் அவர்களை அழைக்காதீர்கள். கூலி உயர்வைப் பற்றித்தான் பாடவேண்டும் என்று கட்டளையிடவும் வேண்டாம். அறுந்த இழையைப் பற்றியும், வற்றிய ஏரியைப் பற்றியும், காதலித்த பெண்ணைப் பற்றியும் பாடட்டும்.