சத்தம் என்ற ஒரு சொல் போதுமா?

 

கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வரும் குழந்தை, "உம்மா, ஒரு சத்தம் கேட்டது" என்கிறது. தாய் உடனே என்ன கேட்பாள்? "என்ன சத்தம்?" என்றுதானே! 'தொப்பென்று' என்றால் தேங்காய் விழுந்திருக்கும் என அமைதி கொள்கிறாள். 'கணீரென்று' என்றால் பித்தளைப் பாத்திரம் உருண்டிருக்கும். 'படாரென்று' என்றாலோ கைவேலையைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். சத்தம் என்ற சொல் அச்சத்தை மட்டுமே தந்தது. அடுத்து வந்த சொல்தான் செய்தியைத் தந்தது.

இம்மாதம் கனத்த ஒலிகளைக் குறிக்கும் சொற்களைக் குறித்துச் சிறிது சிந்திப்போம். கூடங்குளம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் இவ்வகைச் சொற்கள் பலவற்றைப் பாடநூலில் சந்திக்கிறார்கள். கனமான பொருள் மெத்தென்ற தரையில் விழுந்தால் 'தட்'. மூட்டையில் கைமுட்டியால் குத்தினால் 'தம்ப்'. கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டால் 'பேங்'. தொலைவில் பீரங்கி முழங்கினால் 'பூம்'. பாரவண்டி பாலத்தின் மேல் உருண்டு போனால் 'ரம்பிள்'. இரும்போடு இரும்பு மோதினால் 'கிளாங்'. கடலும் சிங்கமும் எழுப்பும் ஒலி 'ரோர்'. இவற்றின் பொருளை வீட்டில் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "எல்லாம் பெரிய சத்தம்தான்" என்று முடித்துவிடுகிறோம். ஏழு சொற்களை ஒரே சொல்லில் புதைத்துவிடுகிறோம்.

தமிழில் சொல் இல்லாமையாலா இப்படிச் செய்கிறோம்? இல்லை. 'தட்' என்பதற்குத் தொப், பொத். 'தம்ப்' என்பதற்குத் தொம். 'பேங்' என்பதற்குப் படார், டமார். 'பூம்' என்பதற்குத் திடும், முழக்கம். 'ரம்பிள்' என்பதற்குக் கடகட, குமுறல், உறுமல். 'கிளாங்' என்பதற்குக் கணீர், கணார். 'ரோர்' என்பதற்கு இரைச்சல், கர்ச்சனை. இவையெல்லாம் நம் பாட்டிமார் நாவில் நாள்தோறும் புழங்கிய சொற்களே.

இச்சொற்களில் ஓர் ஒழுங்கும் உண்டு. ஒலி சட்டென அறுந்துபோனால் சொல்லும் வல்லின ஒற்றில் முடியும்: தொப், பொத், டக். ஒலி நீண்டு நிற்குமானால் சொல் மெல்லின ஒற்றில் முடியும்: கும், திடும், ணங். ஆங்கிலத்திலும் அவ்வாறே 'தட்' வெட்டுண்டு நிற்கிறது. 'பூம்', 'கிளாங்' இரண்டும் இழுத்து ஒலிக்கின்றன. ஒருமுறை மட்டும் கேட்ட ஒலியைப் 'படாரென்று' என்கிறோம். ஓயாமல் தொடரும் ஒலிக்கோ தடதட, கடகட, மடமட என இரட்டைக்கிளவி வந்துவிடுகிறது. ஒலியின் அளவு, நீட்சி, தொடர்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கித் தரும் மொழி நம்முடையது.

இயற்கையும் இதற்குச் சான்று பகர்கிறது. அருகில் விழும் இடி 'படீர்' என்று செவியைக் கிழிக்கிறது; தொலைவில் இடித்தாலோ வானம் 'குமுறுகிறது'. இரண்டும் இடிதானே? கூர்மையான ஒலி அலைகளைக் காற்று விரைவில் விழுங்கிவிடுகிறது. கனத்த, தாழ்ந்த அலைகளோ நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. ஆகவே படீர் என்றால் அருகில், குமுறல் என்றால் தொலைவில். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் மின்னல் வெட்டிய தொலைவு தெரிந்துவிடும். எனினும் குமுறல்தானே என்று வெளியில் நிற்க வேண்டா. இடியோசை காதில் விழுகிறதென்றாலே மின்னல் நம்மையும் எட்டக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இனி, ஒலிக்கும் அச்சத்திற்கும் உள்ள உறவைப் பாருங்கள். தொல்காப்பிய உரியியலில், 'உரும்' என்னும் சொல் அச்சப் பொருளுடைய சொற்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. இடிக்கும் அதுவே பெயர். 'அழுங்கல்' என்பது ஆரவாரத்தையும் குறிக்கும். இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும். 'இரங்கல்' என்பதற்கு ஒலித்தல் என்றும், இழந்ததை எண்ணி வருந்துதல் என்றும் பொருள் உண்டு. இன்று நாம் நடத்தும் இரங்கற் கூட்டத்தின் பெயர் அங்கிருந்து வந்ததே.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். வியப்பால் திகைப்பதைக் குறிக்கும் 'அஸ்டானிஷ்' என்னும் சொல், இடி என்னும் பொருள் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. இடியால் தாக்குண்டு நிற்பவனின் நிலை அது. 'பாம்' என்ற சொல்லோ, ஆழ்ந்த முழக்கத்தைக் குறிக்கும் 'பாம்போஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அதற்கு ஒலியால் பெயரிட்டார்கள். நாம் உருண்டை வடிவம் கண்டு 'குண்டு' என்றோம்.

அரபியில் 'அல் காரிஆ' என்பது திருக்குர்ஆனின் 101ஆவது அத்தியாயத்தின் பெயர். கதவைத் தட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் அதைத் 'திடுக்கிடச் செய்வது' என மொழிபெயர்ப்பர். தட்டும் ஒலி, உள்ளம் நடுங்கும் 'திடுக்'காக மாறிவிட்டது. பல ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தை அறிவிக்க முழங்கிய நகராவும் அரபி 'நக்காரா'வே. சிலுவைப் போர்க் காலத்தில் அதே முரசு ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலத்தில் 'நேக்கர்' ஆயிற்று. அதன் ஒலி கனத்த ஒலிதான். ஆயினும் அதைக் கேட்டு யாரும் அஞ்சியதில்லை. காரணம் எளிது. அது என்ன ஒலி, எதற்காக எழுகிறது என்பதை ஊரார் அனைவரும் முன்பே அறிந்திருந்தனர்.

இப்போது நம் வட்டாரத்திற்கு வருவோம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் கடற்கோளும் ஏற்பட்டு, புகுஷிமா அணுமின் நிலையம் சீர்குலைந்தது. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் நம் வீடுகள் அனைத்தும் கண்டன. அதே ஆண்டின் நடுவில் கூடங்குளத்தின் முதல் அணு உலையில் வெப்ப ஓட்டச் சோதனை நடைபெற்றது. உண்மையான அணு எரிபொருளுக்குப் பதிலாக மாதிரிக் கட்டுகளை வைத்து, நீரைச் சூடாக்கி, குழாய்களையும் வால்வுகளையும் சோதிக்கும் பணி அது. மிகுந்த அழுத்தத்திலுள்ள நீராவி குறுகிய வழியே வெளியேறும்போது பேரிரைச்சல் எழும். அவ்வாறே எழுந்தது, சுற்றுவட்டார ஊர்கள் நடுங்கின.

2004 டிசம்பர் 26 அன்று கடல் இரைந்து ஊருக்குள் வந்ததைக் கண்ட கரை இது. புகுஷிமாவின் நினைவோ இன்னும் ஆறவில்லை. இந்நிலையில் காரணம் அறியாத ஒரு பேரொலியைக் கேட்டால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்? நீராவி வெளியேறுவது இரைச்சல், வெடிப்பது வேறு. முன்னது நீண்டு தொடரும், பின்னது ஒரே கணத்தில் முடியும். ஆனால் இரண்டையும் 'பெரிய சத்தம்' என்றே சொன்னால், ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குப் போகும்போது இரைச்சல் வெடியாகிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

அவ்வாண்டு செப்டம்பரில் இடிந்தகரையில் தொடங்கிய உண்ணாநிலைப் போராட்டத்தை நாடே அறியும். அதற்குக் காரணங்கள் பல. வாழ்வாதாரம், பாதுகாப்பு, வருங்காலச் சந்ததி என மக்கள் எழுப்பிய கேள்விகளை ஒரு சொல்லின் குழப்பத்தில் அடக்கிவிடுவது நேர்மையாகாது. ஆனால் ஒன்றை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம். "இன்ன நாளில், இன்ன நேரத்தில் நீராவி வெளியேற்றப்படும், இரைச்சல் இவ்வளவு நேரம் நீடிக்கும்" என்று எளிய தமிழில் வீடுதோறும் முன்கூட்டியே அறிவிப்பது, பெருந்தொழில் நடத்துவோரின் கடமை. மக்களின் அச்சத்தை அறியாமை என்று இகழ்வதற்கு முன், அவர்களுக்கு அறியத் தந்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் உலை 2013 அக்டோபரிலும், இரண்டாம் உலை 2016 ஆகஸ்டிலும் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டன. மேலும் உலைகள் எழும்பி வருகின்றன. மகேந்திரகிரியிலோ விண்கல இஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. கனத்த ஒலிகளுக்கு நடுவேதான் நம் பிள்ளைகள் வளரப்போகிறார்கள்.

ஆகவே இல்லங்களில் ஒரு சிறு பயிற்சியைத் தொடங்குங்கள். குழந்தை "சத்தம் கேட்டது" என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒருமுறையா, தொடர்ந்தா? கூர்மையா, கனமா? சட்டென நின்றதா, இழுத்து ஒலித்ததா? அருகிலா, தொலைவிலா? நான்குக்கும் விடை சொல்லப் பழகிய பிள்ளை வதந்தியை எளிதில் நம்பாது. உண்மையான ஆபத்து வரும்போது சரியான சொல்லால் பிறரை எச்சரிக்கவும் செய்யும். அதே நேரம், 'தட்', 'பூம்' என்ற ஆங்கிலச் சொற்களும் அதற்குத் தாமே விளங்கிவிடும். தன் மொழியில் ஒலியைப் பிரித்தறிந்த செவிக்குப் பிறமொழி கடினமன்று.

கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது மொழிப் பயிற்சி மட்டுமன்று. வாய்மைப் பயிற்சியும் ஆகும்.