கறை போச்சு, கூடவே பெயிண்டும் போச்சு!

மக்களே, இன்றைக்கு ஒரு சண்டைப் பதிவு. சண்டை தின்னர் டப்பாவோடு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு "ரெண்டே நிமிஷம் தம்பி, சுத்தமா எடுத்துடலாம்" என்று சொல்கிறவர்களோடு.

விஷயம் இதுதான். அம்பது வருடத்துப் பழைய லாரி ஒன்று யாரோ ஒருவர் கைக்கு வருகிறது. டாடா மெர்சிடிஸ் பென்ஸ், லேலண்ட் காமெட், பார்கோ, டிசோட்டோ, பெட்போர்டு... ஏதோ ஒன்று. ஓடுகிறதோ இல்லையோ, கேபினில் பழைய பெயிண்ட் இருக்கிறது. அந்தப் பெயிண்ட் மேல் ஊர்க் குப்பை எல்லாம் இருக்கிறது. உரித்தும் உரியாத ரேடியம் ஸ்டிக்கர், எலெக்‌ஷன் நோட்டீஸ் ஒட்டிய மைதாப் பசை, பழுப்பேறிப் போன செலோ டேப் கோடு, ஏலத்துக்கு நின்றபோது கதவில் மார்க்கரால் எழுதிய நம்பர். வாங்கினவர் அதைக் "கிளீன்" பண்ணச் சொல்லிப் பட்டறையில் விடுகிறார். பட்டறையில் முதலில் வெளியே வருவது என்.சி. தின்னர். அடுத்தது எம்ரி பேப்பர். அப்புறம் பட்டி, பிரைமர், புதுப் பெயிண்ட். பத்து நாளில் வண்டி பளபள. எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஏன் என்று சொல்கிறேன்.

தின்னருக்குக் கண் கிடையாது

தின்னர் என்பது கறை எடுக்கும் மருந்து இல்லை. அது பெயிண்டைக் கரைப்பதற்கென்றே செய்த சரக்கு. டொலுவின், அசிட்டோன் மாதிரியான சமாசாரங்களின் கலவை. பசை எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் கவனிக்கும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பெயிண்ட். ஒன்று என்.சி. லாக்கர். இது ஈரம் ஆவியாகிக் காய்வது, அவ்வளவுதான். அம்பது வருடம் ஆனாலும் தின்னர் பட்டால் திரும்பவும் குழம்பாகிவிடும். இன்னொன்று சிந்தெடிக் எனாமல். இது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. அதனால் குழம்பாகாது. ஆனால் ஊதிச் சுருங்கும். தேய்த்தால் பாலாடை மாதிரி உரிந்து வரும்.

இப்போதைய கார் அப்படி இல்லை. பேக்டரியில் சூட்டில் இறுக்கிய பெயிண்ட், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். அதன் மேல் அவசரமாகத் தின்னர் துடைத்தால் சில சமயம் தப்பித்துவிடும். அந்த அனுபவத்தை அப்படியே பழைய லாரிக்குக் கொண்டுவருவதுதான் பிரச்சினை. பழைய லாரியில் கிளியர் கோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வெயிலையும் மழையையும் நேராக வாங்கி, மேல்பக்கம் சுண்ணாம்பு மாதிரி பொடிந்து போன நிறம். துணியை வைத்தாலே கையில் ஒட்டும்.

அது யார் அடித்த பெயிண்ட்?

"பெயிண்ட் தானே, அதே கலர் திரும்ப அடிச்சுக்கலாம்" என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

காருக்கு அது ஓரளவு நடக்கும். கம்பெனி கலருக்கு ஒரு பெயர், ஒரு நம்பர் இருக்கும். நம் ஊர் லாரி கதை வேறு. அந்தக் காலத்தில் பெரும்பாலான லாரிகள் பேக்டரியிலிருந்து வெறும் சேசிஸாக, முன்பக்க முகத்தோடு மட்டும்தான் வெளியே வரும். கேபினும் பாடியும் கட்டினது திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரி மாதிரி ஊர்ப் பட்டறைகள். கலரை டப்பாவில் கலக்கினது ஒரு பெயிண்டர். கண்ணளவுதான் கணக்கு. "கொஞ்சம் மஞ்சள் விடு, போதும்." அந்தக் கலருக்குக் கோடும் இல்லை, கேட்லாக்கும் இல்லை. அந்த ஒரு கதவில் இருப்பதுதான் அதன் ஒரே பிரதி.

அதற்கு மேல் லெட்டரிங். ஓனர் பெயர், ஊர்ப் பெயர், "முருகன் துணை", நிழல் விழுகிற மாதிரி எழுதின எழுத்து, ஓரத்தில் ஒரு தாமரை. எல்லாம் பிரஷ்ஷில் கையால் போட்டது. அடிக் கோட்டுக்கு மேல் மெல்லிசாக ஒரு படலம். தின்னர் துணி பட்டால் முதலில் போவது அதுதான். ஸ்டிக்கர் பசை போவதற்கு முன்னாடியே போய்விடும்!

சும்மா செண்டிமெண்ட் இல்லை இது. கம்ப்யூட்டரில் வெட்டும் ஸ்டிக்கர் வந்த பிறகு, கையால் எழுதுகிற பெயிண்டர்களுக்கு வேலை குறைந்துபோனது நமக்கெல்லாம் தெரியும். அவர்கள் புத்தகம் போடவில்லை. அவர்கள் வேலை இருக்கிற ஒரே இடம் இந்த மாதிரி கதவும் டெயில் போர்டும்தான். அதைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மேலே அதே வாசகத்தை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டி, "பழைய லுக் கொண்டு வந்துட்டோம்" என்கிறார்கள். நீங்கள் கொண்டு வரவில்லை சார், அனுப்பி வைத்துவிட்டீர்கள்.

கணக்குப் புத்தகம் சொல்வது

நான் படிப்பது பி.காம். அதனால் இந்தப் பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 30 சதவீதம் தேய்மானம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். 100 ரூபாய் லாரி பத்து வருடத்தில் 2 ரூபாய் 82 காசு. அம்பது வருட லாரி என்றால் சுத்தமாகப் பூஜ்யம். "பூஜ்யத்தைப் போய் என்னடா பாதுகாக்கறே?"

சரி. ஆனால் புத்தக மதிப்பு பூஜ்யம் என்றால் அந்த வண்டிக்குப் போட்ட காசை முழுக்கக் கணக்கில் கழித்தாயிற்று என்றுதான் அர்த்தம். அப்படியும் ஒருவர் பழைய இரும்புக்குப் போடாமல் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால், எதற்கு வாங்குகிறார்? பழசு என்பதற்குத்தானே? அந்தப் பழசு எதில் இருக்கிறது? எஞ்சினை மாற்றியிருப்பார்கள், டயர் பத்துத் தடவை மாறியிருக்கும், கண்ணாடி மாறியிருக்கும். மாறாமல் மிச்சம் இருப்பது தகடும் அதன் மேல் இருக்கிற பெயிண்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்குப் பெயர் விண்டேஜா?

உலகத்தில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பு பீவா 2012-ல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. சாரம் ரொம்ப சிம்பிள்: இருப்பதை முதலில் காப்பாற்று, புதுசாக்குவது அப்புறம். நம் மத்திய அரசும் 2021-ல் விண்டேஜ் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. ஆனால் அது சொந்த உபயோக இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். ஊருக்கெல்லாம் அரிசியும் சிமெண்டும் சுமந்த ஆறு சக்கரத்துக்கு அதில் இடம் இல்லை. டெல்கோவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்தது 1954-ல், பிரிந்தது 1969-ல். ஆக நட்சத்திரம் போட்ட டாடா லாரி எதுவானாலும் இன்றைக்கு அரை நூற்றாண்டு தாண்டியதுதான். அதைக் காப்பாற்றுவது ஓனர் கையில் மட்டும்தான் இருக்கிறது.

அப்ப கறையோட விட்டுடறதா?

இல்லைங்க. கறையை எடுக்கலாம். பெயிண்டை விட்டுவிட்டு எடுக்கலாம். விதி ஒன்றே ஒன்று: ரொம்ப சாதுவானதில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறு, வேலை செய்கிற படியில் நின்றுவிடு. ஒவ்வொன்றையும் முதலில் யார் கண்ணிலும் படாத இடத்தில், கதவின் உள் ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பஞ்சில் தொட்டுப் பார். வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவின பிறகும் பஞ்சில் கலர் ஏறினால், அந்தப் படி உனக்கு இல்லை. திரும்பி வா.

மைதாப் பசை, பெவிகால் கறை: வெதுவெதுப்பான தண்ணீர். நனைத்த துணியை மேலே போட்டு அரை மணி நேரம் விட்டால் ஊறிவிடும். ராத்திரி முழுக்க விடக் கூடாது. பெயிண்ட் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கித் தகடு துருப்பிடிக்கும்.

ஸ்டிக்கர் பசை: இது தண்ணீருக்கு மசியாது. ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூடு காட்டி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் மெதுவாக நெம்ப வேண்டும். பிளேடு வேண்டாம், பெயிண்டைக் கொப்பளிக்க வைக்கும் ஹீட் கன்னும் வேண்டாம். மிச்சம் இருக்கும் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விடலாம். அதற்கும் அசையாவிட்டால் நீலகிரித் தைலம், அல்லது பெயிண்ட் கடை டர்பன்டைன், துணியில் கொஞ்சமாக. துடைத்த கையோடு சோப்புத் தண்ணீர்.

மார்க்கர்: மை என்பது சாயமும் பிசினும், பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தது. அதனால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் அதை எடுக்கும். பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பளபளப்பு மிச்சம் இருக்கும் இடத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் அதே கோட்டின் மேல் எழுதி உடனே துடைத்தால் பழைய மையும் கூட வரும். லாக்கராக இருந்தால் ஆல்கஹால்கூட இளக்கலாம், ஜாக்கிரதை. பொடிந்து போன பெயிண்ட்டுக்குள் சாயம் இறங்கியிருந்தால் முழுசாக வராது. மங்கலாக ஒரு நிழல் நிற்கும். நிற்கட்டும்.

ஸ்டிக்கர் போன இடத்தில் கட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அதையும் கறை என்று தேய்க்காதீர்கள். அது கறையே இல்லை. சுற்றிலும் வெயிலில் வெளுத்திருக்கிறது, அந்தக் கட்டம் மட்டும் வெளுக்கவில்லை. அந்த வண்டியின் பிறந்த நாள் கலர் அது!

"இதுக்கெல்லாம் நேரம் யாரு தருவா?"

நியாயமான கேள்வி. தின்னர் என்றால் பத்து நிமிடம், இந்த முறையில் ஒரு கதவுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். பட்டறைக்காரருக்குக் கட்டாது. அவரைக் குறை சொல்லவும் இல்லை. "புதுசு மாதிரி வேணும்" என்று ஓனர் கேட்கிறார், அவர் செய்து தருகிறார். கேள்வி கேட்க வேண்டியது ஓனரை. எஞ்சினுக்கு லட்சத்தில் செலவு செய்கிறவர், கதவுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை தர முடியாதா?

தகடு அழுகிப் போய் ஓட்டை விழுந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். மறுக்கவில்லை. இன்றும் லோடு அடிக்கிற வண்டிக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிப்பதும் அதன் பிழைப்பு. நான் சொல்வது, ஓய்வு பெற்றுப் பழசு என்ற காரணத்துக்காகவே நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைப் பற்றி மட்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். எல்லா எழுத்தும் கறை இல்லை. போன வருடம் ஏலத்தில் எழுதின நம்பர் குப்பை, எடுத்துவிடலாம். ஆனால் கேபினுக்குள் டிரைவர் சீட் பக்கத்தில் மங்கிப் போன மார்க்கரில் நடைக் கணக்கு, டீசல் கணக்கு எழுதியிருந்தால்? அது அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை. ஒரு கணக்குப் பிள்ளையும் எழுதி வைக்காத லெட்ஜர். அதைத் துடைக்க யாருக்கும் மனசு வரக் கூடாது. குறைந்தபட்சம் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

மொத்தத்தில் நான் சொல்ல வருவது ஒரே வரி. கறை காத்திருக்கும். இன்றைக்கு எடுக்கத் தெரியாவிட்டால் அடுத்த வருடம் எடுக்கலாம், நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை எடுக்கும். போன பெயிண்ட் எந்த வருடமும் திரும்பி வராது. சந்தேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதுவும் ஒரு வேலைதான் :-)

டிஸ்கி: டர்பன்டைன், ஆல்கஹால் எல்லாம் தீப்பிடிக்கும். திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல், கையுறை போட்டுச் செய்யவும். பெட்ரோலைத் தொடவே தொடாதீர்கள். பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பெயிண்டிலும் சிவப்பு பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் எம்ரி பேப்பரால் காய்ந்தபடி தேய்த்துத் தூளை முகர வேண்டாம். வண்டியின் பெயிண்ட்டுக்கு மட்டும் இல்லை, உங்கள் நுரையீரலுக்கும் ஸ்பேர் கிடையாது.