பத்துக்குப் பத்தில் ஒரு படையெடுப்பு

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை என்பது ஒரு தத்துவம். பத்துக்குப் பத்து. இரண்டு கட்டில், ஒரு கொடிக்கயிறு, மூன்று பேர். கேரம் போர்டை விரித்தால் ஒருவர் வராந்தாவுக்குக் குடிபெயர வேண்டும். மொட்டை மாடி கிரிக்கெட்டுக்கு ஓனர் தடையுத்தரவு. செஸ் ஆடலாம். ஆனால் எதிராளி கன்னத்தில் கை வைத்து யோசிக்க ஆரம்பித்தால் மெஸ்ஸில் ரசம் தீர்ந்துவிடும்.

இந்த மாதிரி ஆத்மாக்களுக்காகவே உலகத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. மேஜை மேல் யுத்தம். சுண்டுவிரல் நகம் உயரத்துக்குச் சிப்பாய்கள், அட்டையில் வெட்டின காடு, துணியில் மடித்த குன்று. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பகடை உருட்டி, ஸ்கேலால் அளந்து படை நகர்த்துகிறார்கள். வயது வந்தவர்கள்தான். கல்யாணம் ஆனவர்கள்கூட.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் எச்.ஜி.வெல்ஸ். காலயந்திரத்தில் நம்மை ஏற்றிவிட்டவரேதான். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 12 வயது முதல் 150 வயது வரையுள்ள பையன்களுக்கு என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார். ஈய பொம்மைச் சிப்பாய்கள், மரத்துண்டைச் சுடுகிற ஸ்பிரிங் பீரங்கி, அறை முழுக்கத் தரை. பெரிய மனிதர்கள் முட்டி போட்டுக்கொண்டு தவழ்ந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் வெல்ஸுக்கு யுத்தம் பிடிக்காது. நாலு தடவை இந்தச் சின்ன யுத்தத்தை ஆடிப் பாருங்கள், பெரிய யுத்தம் எவ்வளவு பெரிய குளறுபடி என்று புரியும் என்பது அவர் கட்சி. உலகம் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த வருஷமே முதல் உலகப் போர். இதே வெல்ஸ் 1914-ல், இது யுத்தத்துக்கே முடிவு கட்டும் யுத்தம் என்ற பொருளில் தலைப்பு வைத்து இன்னொரு புத்தகம் போட்டார். முடிவு கட்டின மாதிரித் தெரியவில்லை.

வெல்ஸின் ஆட்டத்துக்கு இடம் நிறைய வேண்டும். பின்னால் வந்தவர்கள் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1990-ல் இங்கிலாந்தில் ஃபில் பார்க்கரும் ரிச்சர்ட் பாட்லி ஸ்காட்டும் ஒரு சின்ன விதிப்புத்தகம் வெளியிட்டார்கள். பெயர் லத்தீனில், வாயில் நுழையாது. சுருக்கமாக டி.பி.ஏ. என்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி மேஜை, ஆளுக்கு 12 படைப்பிரிவு, ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பு. உலகத்துப் பழைய படைகளுக்கெல்லாம் அதில் பட்டியல் உண்டு. தமிழர் படைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2014-ல் நீல் தாமஸ் என்பவர் இன்னும் இறங்கி வந்தார். ஆளுக்கு 6 பிரிவுதான், மூன்றடி மேஜை, ஒரு மணி நேரம், 30 விதமான போர். லஞ்ச் அவர் யுத்தம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

'அந்த பொம்மைக்கெல்லாம் காசுக்கு எங்க சார் போறது?' என்பீர்கள். பொம்மையே வேண்டாம். 24 காலி தீப்பெட்டி போதும். பாதிக்குச் சிவப்பு மை, பாதிக்கு நீலம். மேலே யானை, குதிரை, வில், ஈட்டி என்று எழுதுங்கள். பரமபதப் பெட்டியிலிருந்து ஒரு பகடை. மேஜை இல்லாவிட்டால் சூட்கேஸ்.

டி.பி.ஏ.யின் சாரத்தை மட்டும் பிழிந்து கொடுக்கிறேன். உங்கள் முறை வந்ததும் பகடை உருட்டுங்கள். மூன்று விழுந்தால் மூன்று பெட்டியை நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் ஒன்றுதான். பன்னிரண்டு பேர் தயாராக நின்றாலும் பதினொரு பேர் சும்மா நிற்பார்கள். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் ஒரு சலுகை உண்டு. தோளோடு தோள் ஒட்டி நிற்கிற பெட்டிகள் எத்தனை இருந்தாலும், பகடையில் ஒரே புள்ளி செலவில் மொத்தமாக நகரலாம். சிதறி நின்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் செலவு.

இரண்டு பெட்டி மோதினால் இருவரும் பகடை உருட்ட வேண்டும். குறைந்தவர் ஒரு பெட்டி நீளம் பின்வாங்க வேண்டும். எதிராளியின் எண் உங்களுடையதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் பெட்டி காலி. முதலில் நாலு பெட்டியை இழந்தவர் தோற்றார். அசல் விதியில் ஒவ்வொரு படைக்கும் கூட்டல் கழித்தல் உண்டு. முக்கியமான ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யானை எல்லோரையும் மிரட்டும், ஆனால் ஓடி ஓடி ஈட்டி எறிகிற லேசான காலாளிடம் ஒருமுறை தோற்றால் போதும், பின்வாங்கல் கிடையாது, ஒரேயடியாகச் சரிந்துவிடும்.

இந்தத் தீப்பெட்டி ராணுவத்தை ஆபீஸ் லஞ்ச் அவரில் அரங்கேற்றியபோது ஒரே ஒருவர்தான் சேரவில்லை. அவருக்குச் சொந்த ஊர் மேல்சித்தாமூர்.

மேல்சித்தாமூர் தெரியாதவர்களுக்கு: திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிற ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம், ஜினகாஞ்சி மடம், அங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில், பாறையில் செதுக்கின தீர்த்தங்கரர்கள் எல்லாம் உண்டு. நம்மைப்போலவே தமிழ் பேசுகிற, பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணிலேயே இருக்கிற சமணர்கள். எறும்புக்கும் தீங்கு கூடாது என்பவர்கள். நம் நண்பர் பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாட்டை முடித்துவிடுவார். ஓவர்டைம் என்றால் ஐந்தரை மணிக்கே டிபன் கேரியர் காலி.

'வாங்க சார், தீப்பெட்டிதானே? யாருக்கு வலிக்கப் போகுது?' என்று இழுத்தோம்.

'மாவுக்கோழி கதை தெரியுமா?' என்றார்.

ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று யசோதர காவியம். சமண நூல். ராஜா யசோதரனுக்குக் கெட்ட சகுனம் படுகிறது. தேவிக்குப் பலி கொடு என்கிறாள் அம்மா. உயிர்ப்பலி மாட்டேன் என்கிறான் மகன். சரி, மாவிலே ஒரு கோழி செய்து அதை வெட்டு என்று சமரசம் ஆகிறது. வெட்டுகிறான். மாவுதான், ரத்தம் இல்லை. ஆனால் வெட்டும்போது மனசில் நினைத்தது கொலை அல்லவா? அந்த நினைப்புக்காக அம்மாவும் பிள்ளையும் மயிலாக, நாயாக, இன்னும் என்னென்னவோவாகப் பிறந்து பிறந்து அடிபடுகிறார்கள்.

'வெட்டினது மாவா, கோழியான்னு கணக்கு இல்ல சார். வெட்டணும்னு நினைச்சீங்களா இல்லையா, அதான் கணக்கு.'

மேஜையில் சரிந்து கிடந்த நீலத் தீப்பெட்டிகளை எல்லோரும் ஒரு கணம் பார்த்தோம். வெல்ஸ் பொம்மைச் சண்டையை மருந்து என்கிறார். யசோதர காவியம் மாவுக்கோழியே விஷம் என்கிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் அளவில்தான் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நண்பர் கட்சிப்படி வித்தியாசம் எண்ணத்தில்.

'அப்ப உங்க ஊர்ல புள்ளைங்க என்னதான் ஆடுவாங்க?'

'ஆடு புலி' என்றார். சாக்பீஸ் எடுத்தார்.

ஆடு புலி ஆட்டம் என்றதும் கமலும் ரஜினியும் நடித்த 1977 படம் ஞாபகம் வந்தால் உங்கள் வயதைக் காட்டிக்கொள்ளாதீர்கள். இது அதற்கு ரொம்ப மூத்தது. பழைய கோயில் மண்டபங்களுக்குப் போனால் கொஞ்சம் கீழேயும் பாருங்கள். எத்தனையோ தரைக் கற்களில் இந்தக் கோடுகள் செதுக்கியிருக்கும். ஒரே ஒரு கல், இரண்டு பேர் உட்கார நிழல். உலகத்திலேயே மிகச் சிக்கனமான போர்க்களம் அதுவாகத்தான் இருக்கும்.

போடுவது சுலபம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடுகள் விசிறி மாதிரி கீழே இறங்கும். கீழே அவற்றைச் சேர்த்து ஓர் அடிக்கோடு. நடுவில் குறுக்காக மூன்று கோடுகள், இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி, அந்த நுனிகளையும் மேலும் கீழுமாகச் சேர்த்துவிடுங்கள். உச்சி 1, குறுக்குக் கோடுகளில் 18, அடியில் 4. மொத்தம் 23 இடம். புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. ஆக 23 இடத்தில் 18 பேர். சாயங்கால டவுன் பஸ்ஸை விடக் கொஞ்சம் வசதி.

புலிகள் உச்சியில் ஒன்று, அடுத்த கோட்டின் நடுவில் இரண்டு என்று உட்காரும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஓர் ஆடு வைத்தால் ஒரு புலி நகரும். 15-ம் இறங்கும்வரை ஆடுகள் அசையக் கூடாது. பக்கத்தில் ஓர் ஆடு, அதற்கு நேர் பின்னால் காலி இடம் என்றால் புலி தாண்டிக் குதிக்கும், ஆடு அவுட். இத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆடு எப்படி ஜெயிக்கும்? மூன்று புலியும் நகர முடியாமல் அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. செஸ்ஸில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தீப்பெட்டிப் போரில் இரண்டு பக்கமும் சாய்க்கிறது. இந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு வெட்டவே அதிகாரம் இல்லை. ஆடு எந்தப் புலியையும் கொல்லாது. ஆட்டம் முடியும்போது மூன்று புலியும் உயிரோடு, முழு ஆரோக்கியத்தோடு இருக்கும். போக இடம் மட்டும் இருக்காது.

நண்பர் எப்போதும் ஆடுதான். 'புலிய நீங்க வெச்சிக்கங்க சார்' என்று தாராளமாகக் கொடுத்துவிடுவார். அவர் முதலில் நிரப்புவது மூலைகளை. மூலையில் இருக்கிற ஆட்டைத் தாண்டி இறங்கப் புலிக்கு அந்தப் பக்கம் தரை கிடையாது. அப்புறம் ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் இன்னோர் ஆடு. புலிக்காரர் எத்தனை அடித்தோம் என்று எண்ணிக்கொண்டிருப்பார். ஆட்டுக்காரர் எத்தனை சந்து பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கை கழுவ எழுந்துவிடலாம்.

இதே வேலையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மேல்சித்தாமூரிலிருந்து பக்கத்திலேயே செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் சேர்த்து ஒரு மதில். மேலேயிருந்து பார்த்தால் முக்கோணம், மூன்று மூலையிலும் ஒரு புலி. மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் வந்து முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை கைக்கு வந்தது 1698-ல். நடுவில் முற்றுகை போட்டவர்களையே மராட்டியர்கள் வெளியிலிருந்து வளைத்துக்கொள்ள, முகாமில் தானியம் தட்டுப்பாடாகி, 1693-ல் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. தப்பிப் போய்விட்டார்.

ஏழெட்டு வருஷம். சுற்றுவட்டாரத்தில் விதைத்தவனுக்கு அறுவடை நிச்சயமில்லை. இரண்டு பக்கத்துப் படைக்கும் சோறு போட்டவன் எவன் என்று யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். மலை ஏறிப் போய்ப் பாருங்கள், மூச்சு வாங்கும். அங்கே ஏழெட்டு வருஷமாக நடந்ததை, யாரும் பட்டினி கிடக்காமல் ஒரு தரைக் கல்லில் கால் மணியில் நடத்திப் பார்த்துவிடலாம் என்று நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு யார் என்ன பட்டம் கொடுப்பது?

புலிக்கும் ஆட்டுக்கும் நியாயமான ஆட்டம்தானா என்று சந்தேகம் வரலாம். நேபாளத்தில் இதற்குப் பங்காளி ஒன்று உண்டு, பாக் சால். 4 புலி, 20 ஆடு, 25 இடம். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசியவர்கள், இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் டிராதான் என்று நிரூபித்திருக்கிறார்கள். பல்லும் நகமும் ஒரு பக்கம், வெறும் எண்ணிக்கையும் பொறுமையும் இன்னொரு பக்கம், இரண்டும் சமம்! கம்ப்யூட்டர் சொல்லி நமக்கு இவ்வளவு உற்சாகம் தரும் சேதி அபூர்வம்.

'மாவுக்கோழி பாவம்னா, புலி ஆடறவனுக்கும் பாவம்தானே? எங்களை மட்டும் மாட்டி விடறீங்களே' என்று கேட்டதற்கு நண்பர் சிரித்தார்.

'அதான் சார், உங்களைப் புலியா இருக்க விட்டு, ஒண்ணும் பண்ண முடியாம உக்கார வெக்கறேன். பாவம் கம்மியாகும்.'

ஆகவே இளைஞர்களே, அடுத்த தடவை மேன்ஷனில் கரண்ட் போய், போனிலும் சார்ஜ் இல்லாத ஒரு சுப முகூர்த்தத்தில், தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். புளியங்கொட்டைக்கு மெஸ் சமையல்காரரை அணுகவும். புலிக்கு ஆள் தேட வேண்டாம், எல்லோரும் கை தூக்குவார்கள். நீங்கள் ஆடு பக்கம் உட்காருங்கள். மூலையைப் பிடியுங்கள், பக்கத்து ஆட்டை விட்டு நகராதீர்கள், சந்து கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் ரூமிலிருந்து கூப்பிடும்போது பழக்கம் கைகொடுக்கும்.