பழைய மென்பொருளும் ஓர் உதிரிப் பாகம்தான்

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு டேப்லெட் மூன்று ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. 2016இல் அப்பா வாங்கியது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. மின்கலமும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு பி.டி.எப். கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்து பார்த்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இவ்வாண்டு தம்பிக்கு எஸ்.பி.எம். தேர்வு. கடந்த ஆண்டுகளின் தேர்வுத் தாள்களை அவன் கைப்பேசியின் சின்னத் திரையில் படித்துக்கொண்டிருந்தான். இரவானால் கண் எரிகிறது என்பான். புதிதாக ஒன்று வாங்க இப்போது வீட்டில் வழியில்லை. அதனால் அந்தப் பழைய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தார்.

“இதுல உடைஞ்சது ஒண்ணுமில்ல தங்கச்சி. மேல மேல அப்டேட் ஏத்திட்டீங்க. வயசான மாட்டு மேல லாரி பாரம் ஏத்துன மாதிரி. புதுசு ஒண்ணு பாத்துக்கங்க.”

“ஏத்துன பாரத்த இறக்க முடியாதா அண்ணே?”

“முடியும். ஆனா அந்தப் பழைய சாப்ட்வேர் கெடைக்கணும்ல? அதத் தேடுற நேரத்துக்கு நான் நாலு ஸ்கிரீன் மாத்திடுவேன்.”

அவர் சொன்னதில் தவறில்லை. திரை ஓர் உதிரிப் பாகம். அதைக் கடையில் வாங்கலாம். மின்கலமும் அப்படித்தான். ஆனால் அந்தக் கருவி நன்றாக ஓடிய காலத்தில் அதற்குள் இருந்த இயங்குதளத்தை மட்டும் எங்கும் வாங்க முடியாது. எனக்குத் தோன்றியது இதுதான்: பழைய மென்பொருளும் ஓர் உதிரிப் பாகம். அதையும் அப்படியே நடத்த வேண்டும்.

என்ன நடக்கிறது?

நம் டேப்லெட் கடையிலிருந்து வந்தபோது ஆண்ட்ராய்டு 6 இருந்தது. பிறகு வந்த புதுப்பிப்புகளுக்கெல்லாம் நாங்கள் ‘சரி’ என்று அழுத்தினோம். கடைசியில் ஆண்ட்ராய்டு 8 வந்து நின்றது. ஒவ்வொரு புதிய பதிப்பும் அந்தந்த ஆண்டின் புதிய சில்லுகளையும் கூடுதல் நினைவகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பின்னணியில் ஓடும் வேலைகள் கூடுகின்றன. கருவியின் நினைவகமோ வாங்கிய நாளில் இருந்த அதே 2 ஜி.பி.தான்.

‘பேக்டரி ரீசெட்’ செய்தால் பழைய பதிப்பு திரும்பி வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். வராது. அது நம் படங்களையும் செயலிகளையும் அழித்துவிட்டு, கடைசியாக ஏறிய இயங்குதளத்தையே வெறுமையாகக் காட்டும். முந்தைய பதிப்பு வேண்டுமென்றால், அதே வகைக் கருவிக்காகத் தயாரிப்பாளர் அன்று வெளியிட்ட கோப்பு வேண்டும். அதைக் கணினியில் வைத்து, யூ.எஸ்.பி. கம்பி வழியாக டேப்லெட்டுக்குள் மறுபடி ஏற்ற வேண்டும்.

எங்கள் டேப்லெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கோப்பு இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்த மாணவர் ஒருவர் அதே வகை டேப்லெட் வைத்திருந்தார். அவருடைய பழைய வன்வட்டில் அந்தக் கோப்பு இருந்தது. தயாரிப்பாளரின் மின்னொப்பம் மாறாமல் இருந்ததால் கருவி அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. இப்போது தேர்வுத் தாள் தட்டியவுடன் திறக்கிறது. தம்பி அதைப் படுக்கைக்கும் எடுத்துப் போகிறான்.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மூத்த மாணவரை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால்? ஒரு நல்ல கருவி பிழைப்பதும் குப்பைக்குப் போவதும் யாருடைய வன்வட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது.

திறந்த கதவும் மூடிய கதவும்

கதவைத் திறந்துவைப்பது நிறுவனங்களுக்கு முடியாத காரியம் அல்ல. 2012இல் கூகுள், ஆசுஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் நெக்சஸ் 7 என்ற ஏழு அங்குல டேப்லெட்டை வெளியிட்டது. அதில் இருந்தது 1 ஜி.பி. நினைவகம். 2014இன் இறுதியில் ஆண்ட்ராய்டு 5 அதற்கு வந்தபோது, கருவி ஆமையாகிவிட்டது என்று உலகெங்கும் பயனீட்டாளர்கள் புலம்பினார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. நெக்சஸ் கருவிகளின் பழைய இயங்குதளக் கோப்புகளைக் கூகுள் பொதுவில் வைத்திருந்தது. கருவியின் பூட்டையும் உரிமையாளரே திறக்க முடிந்தது. பலர் ஆண்ட்ராய்டு 4.4க்குத் திரும்பிப் போய் அதை மேலும் சில காலம் பயன்படுத்தினார்கள்.

மூடிய கதவுக்கு ஐபேட் 2 எடுத்துக்காட்டு. 2011இல் ஐ.ஓ.எஸ். 4.3உடன் வந்த இந்த டேப்லெட்டில் 512 எம்.பி. நினைவகமே இருந்தது. ஐ.ஓ.எஸ். 9 வரை அதற்குப் புதுப்பிப்பு வந்தது. அத்தனை ஆண்டுகள் ஆதரவு தந்தது பாராட்டத்தக்கதுதான். ஆனால் ஆப்பிள் கருவியில் எந்தப் பதிப்பை நிறுவினாலும் ஆப்பிளின் வழங்கியிடம் ஒப்புதல் பெற வேண்டும். புதிய பதிப்பு வந்த சில வாரங்களில், முந்தைய பதிப்புக்கான ஒப்புதலை ஆப்பிள் வழக்கமாக நிறுத்திவிடும். கோப்பு நம் கையில் இருந்தாலும் பயனில்லை. காசு கொடுத்து வாங்கிய வீட்டில், நாம் முன்பு இருந்த அறைக்குத் திரும்பிப் போக வேறொருவரின் அனுமதி வேண்டும் என்பது போலத்தான் இது.

இது பயனீட்டாளர் உரிமைப் பிரச்சினை என்பதை இத்தாலி வெளிப்படையாகவே சொன்னது. அந்நாட்டின் போட்டி, பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சுங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பழைய கைப்பேசிகளைத் தளர்த்திவிடும் புதுப்பிப்புகளை ஏற்றச் சொல்லி வாடிக்கையாளர்களைத் தூண்டியதாகவும், போதிய தகவலோ பழைய செயல்திறனுக்குத் திரும்பும் வழியோ தரவில்லை என்றும் ஆணையம் கூறியது. ‘திரும்பும் வழி’ என்பதைத்தான் நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன்.

நமக்கு இதில் என்ன?

2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. இல்லிருப்புக் கற்றல் காலத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். அதன் பிறகு 2022 வரவு செலவுத் திட்டத்தில், உயர்கல்விக் கூடங்களில் பயிலும் பி40 மாணவர்கள் 600,000 பேருக்கு டேப்லெட் வழங்க 45 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. பலருக்கு அதுதான் சொந்தமாகக் கிடைத்த முதல் டேப்லெட்.

அந்தக் கருவிகளுக்கும் வயதாகும். அண்ணன் அக்காவிடமிருந்து தம்பி தங்கையின் கைக்குப் போகும். அப்போது அவை ஓடுமா, அலமாரியில் தூங்குமா? பொதுப் பணத்தில் வாங்கிய கருவி என்பதால் இந்தக் கேள்வியை இப்போதே கேட்பது நல்லது. அடுத்த முறை அரசாங்கம் மொத்தமாக வாங்கும்போது, ‘பழைய பதிப்புகளையும் தர வேண்டும்’ என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு பிடிக்காது.

சட்டத்திலும் இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சட்டம் இயற்றப்பட்ட நாளில் உதிரிப் பாகம் என்றால் சலவை இயந்திரத்தின் மோட்டாரும் மிக்சியின் கத்தியும் நினைவுக்கு வந்திருக்கும். இன்று ஒரு கருவியை முடக்கவும் பிழைக்க வைக்கவும் மென்பொருளால் முடிகிறது. ‘உதிரிப் பாகம்’ என்ற சொல்லுக்குள் இயங்குதளமும் அடங்கும் என்று தெளிவுபடுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் 2025 ஜூன் 20 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஒரு வகையின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்பது அதில் ஒன்று. முன்னே போகும் பாதையை அவர்கள் கட்டாயமாக்கிவிட்டார்கள். நான் கேட்பது பின்னே வரும் பாதையையும் சேர்த்துத்தான்.

மறுபக்கமும் உண்டு

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பழைய பதிப்பில் அடைக்கப்படாத ஓட்டைகள் இருக்கும். திருடிய கருவியை ஒருவன் பழைய பதிப்புக்கு இறக்கி, அந்த ஓட்டை வழியே உள்ளே நுழையலாம். ஆண்ட்ராய்டு 8 முதல், பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் வசதி தயாரிப்பாளர்களுக்குத் தரப்பட்டது இதனால்தான்.

பயன்பாட்டிலும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய பதிப்புகளுக்குப் புதிய பாதுகாப்புச் சான்றிதழ்கள் சில தெரியாது. அதனால் சில இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். ஆண்ட்ராய்டு 4.4க்கான கூகுள் பிளே சேவைகளின் ஆதரவு 2023இல் நின்றுவிட்டது. எனவே தம்பியின் டேப்லெட்டில் வங்கிச் செயலி இல்லை, மின்பணப்பை இல்லை, எங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கும் இல்லை. அது ஒரு வாசிப்புக் கருவி. தேர்வுத் தாள்கள், பாடநூல்கள், அகராதி, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் மின்னூல்கள். ஒரு மாணவனுக்கு இது போதாதா?

ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கதவைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும். உரிமையாளரே கடவுச்சொல் கொடுத்துத் திறக்கும்படி செய்தால், திருடனுக்கும் அது பயன்படாது.

முயன்று பார்க்க நினைக்கும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் சேமிப்பிடத்தைக் காலி செய்து பாருங்கள். அடுத்து ரீசெட் செய்து பாருங்கள். பாதிக் கருவிகள் அதிலேயே எழுந்துவிடலாம். அதற்கும் அசையாவிட்டால்தான் பழைய பதிப்பைத் தேடுங்கள். கோப்பு உங்கள் கருவியின் வகை எண்ணுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். தெரியாத தளங்களில் கிடைக்கும் ‘மேம்படுத்தப்பட்ட’ கோப்புகளைத் தொடாதீர்கள். படங்களைப் பிரதி எடுங்கள், கூகுள் கணக்கை நீக்குங்கள், மின்கலத்தை நிரப்புங்கள். பாதியில் மின்சாரம் போனால் கருவி வெறும் கல்லாகிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இதற்கும் பொருந்தும். முடித்தபின் தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். மிகப் பழைய பதிப்புகளில் அது ஒழுங்காக இருக்காது.

மூன்று கோரிக்கைகள்

நிறுவனங்களிடம்: புதுப்பிப்பை ஏற்றும் முன், ‘இதன் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது’ என்றால் அதைப் பெரிய எழுத்தில், நமக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். ஒரு கருவிக்கான ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் எல்லாப் பதிப்புகளையும் பொதுவில் வையுங்கள், பூட்டையும் திறந்துவிடுங்கள். நீங்கள் கைவிட்ட கருவியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அரசாங்கத்திடம்: உதிரிப் பாகம் என்ற சொல்லின் பொருளை இந்தக் காலத்துக்கு ஏற்ப விரித்துச் சொல்லுங்கள்.

நம்மிடம்: பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் கணினிக் கழகங்கள் இருக்கின்றன. பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், அலமாரிகளில் கிடக்கும் டேப்லெட்டுகளில் சில மறுபடி ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். பிழைக்காதவற்றை முறையான மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் சேர்க்கலாம்.

சென்ற வாரம் அதே கடைக்கு மறுபடி போனேன். அந்தப் பழைய மென்பொருளின் பிரதி ஒன்றைக் கடைக்கார அண்ணனிடம் கொடுத்தேன். அதே வகை டேப்லெட்டோடு அடுத்து யாராவது வந்தால், “புதுசு ஒண்ணு பாத்துக்கங்க” என்று அவர் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிரதியை அவரிடம் கொண்டு சேர்த்திருக்க வேண்டியவள் நான் அல்ல.