விறகு மலையை ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள்

றொசல்லயிலிருந்து ஹட்டன் வரை, தேயிலை மலைகளுக்கு மேலே வரிசையாய் நிற்கும் டர்பன்டைன் மரங்களை யாரும் காடு என்று சொல்வதில்லை. தோட்டக் கணக்கில் அவை விறகு. கொழுந்து காயவைக்கும் அடுப்புக்காகவே நட்டவை. முற்றினால் வெட்டத்தான் வேண்டும். எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் பிரச்சினை.

1990 முதல் இலங்கையின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டத் தடை இருக்கிறது. சிவனொளிபாதமலைச் சரணாலயத்துக்கு 1940 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்கு வெளியே, சிறுத்தையும் மரையும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவது இந்த விறகுத் தோப்புகளையும் ஓடைக்கரைப் புதர்களையும் நம்பித்தான். மரங்களுக்கடியில் மண்டிய செடிகொடிகளும் பாறை இடுக்குகளுமே தாய்ச் சிறுத்தை குட்டிகளை ஒளித்துவைக்கும் இடம்.

ஒரு சரிவை முழுதாக வெட்டிச் சாய்த்தால் அந்த மறைவு சில நாட்களில் இல்லாமல் போகும். பிறகு மிஞ்சுவது தேயிலைச் செடிகளின் மறைவு மட்டும். காலையில் கூடையோடு நிரைக்குள் இறங்கும் பெண்ணும் குட்டியைக் காக்கும் சிறுத்தையும் நேருக்கு நேர் சந்திப்பது இப்படித்தான். மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும் பன்றிக்காகக் கட்டும் கம்பிச் சுருக்கும் சிறுத்தை போகும் அதே வழிகளில்தான் காத்திருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கழுத்தில் சுருக்கு இறுகிய கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது இறந்தது.

விறகில்லாமல் தொழிற்சாலை ஓடாது, தொழிற்சாலை நின்றால் லயத்தில் அடுப்பெரியாது என்பது உண்மை. வெட்ட வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. ஒரு சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்று தழைத்த பிறகு அடுத்ததை வெட்டலாம். ஓடையின் இரு கரையிலும் மலை முகட்டிலும் ஒரு பட்டியைத் தொடாமல் விடலாம். அது மண்ணையும் குடிநீர் ஊற்றையும் சேர்த்தே காக்கும். வாள் இறங்குமுன் பாறை இடுக்குகளைப் பார்த்து, குட்டிகள் இருந்தால் தாய் அவற்றை இடம் மாற்றும்வரை பொறுக்கலாம். வேலை முடிந்ததும் சுருக்குகளைத் தேடி அகற்றலாம்.

வெட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு, எந்தப் பட்டியை விடுகிறோம் என்று காட்டும் வரைபடம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தை அதிகாரிகள் திருப்பி அனுப்ப வேண்டும். தொழிற்சங்கங்களும் சம்பளத்தோடு இதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்; வெட்டிய மலைக்குக் கீழே மறுநாள் கொழுந்து பறிக்க இறங்குவது அவர்களுடைய உறுப்பினர்கள்தான்.