லாவோகூனின் வலக்கை

வத்திக்கான் அரும்பொருட்சாலையில் உள்ள லாவோகூன் பளிங்குச் சிற்பம் மேலைத்தேயக் கலை விமர்சனத்தின் உரைகல்லாகப் போற்றப்படுவது. ட்ரோய் நகரப் பூசகனான லாவோகூனையும் அவன் புதல்வர் இருவரையும் பாம்புகள் சுற்றி நெரிக்கும் காட்சி அது. அவன் இழைத்த குற்றம் யாது? கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரை வஞ்சகமானது எனத் தன் மக்களை எச்சரித்து, அதன் விலாவில் ஈட்டி எறிந்தான் என்கிறது வேர்ஜிலின் காவியம். உண்மை உரைத்தவன் பெற்ற தண்டனையே இச்சிற்பத்தின் பொருள்.

விமர்சகர் கண்டதோ வேறு. 1755 இல் விங்கெல்மான், வேதனையை அடக்கியாளும் பேரான்மாவின் அமைதியை இதிற் கண்டு வியந்தார். அதனை எழுதியபோது அவர் உரோமாபுரிக்குச் சென்றதுமில்லை. மூலச் சிற்பத்தைப் பார்த்ததுமில்லை. 1766 இல் லெசிங் அவரை மறுத்தார். கிரேக்கர் அழுவதற்கு நாணியவரல்லர் என்றார். ஆயினும், வாய் பிளந்த அலறல் சிற்பத்தின் அழகைக் கெடுக்கும் என்பதாலேயே சிற்பிகள் அதனைத் தணித்தனர் என்று முடித்தார். முன்னவர் ஒழுக்கத்தின் பெயராலும் பின்னவர் அழகின் பெயராலும் லாவோகூனின் வாயை அடைத்தனர்.

அவர்கள் காலத்துச் சிற்பத்தில் இருந்த வலக்கையும் அவனுடையதன்று. 1506 இல் உரோமாபுரியில் சிற்பம் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது அக்கை இருக்கவில்லை. பின்வந்தோர் வானோக்கி நீண்ட வீரக்கை ஒன்றைச் செய்து பொருத்தினர். 1906 இல் லுட்விக் பொல்லாக் என்னும் தொல்லியலாளர், முழங்கையில் மடிந்த பளிங்குக் கையொன்றை அதே நகரிற் கண்டெடுத்து வத்திக்கானுக்கு அளித்தார். அரை நூற்றாண்டின் பின்னரே அது உரிய இடத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னால் மடங்கிய அக்கையில் வீர முழக்கம் இல்லை; மீள முடியாதவனின் தவிப்பே உண்டு.

கலைக்கு அழகு வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும். சுருங்கிய புருவத்தையும் உள்ளிழுத்த வயிற்றையும் இத்துணை நுட்பமாகச் செதுக்கிய சிற்பிகள் அதனை அறியாதவரா? அவர்தம் அழகு வேதனையைச் சொல்வதற்கு வந்தது, மறைப்பதற்கு வந்ததன்று. அதனை அமைதி எனப் பெயரிட்டவர் விமர்சகரே. துன்புறுவோனிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் துன்புறாதவரே.

கிரேக்கச் சிற்ப அழகைத் தன் இலட்சியமெனக் கொண்டாடிய நாஜி ஆட்சி, யூதரான பொல்லாக்கை 1943 இல் உரோமாபுரியிலிருந்து அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்று கொன்றது. தாம் கண்டெடுத்த கை சிற்பத்திற் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. பளிங்கைப் போற்றவும் மனிதனைக் கொல்லவும் ஒருங்கே அனுமதிக்கும் அழகியலை நாம் ஏன் சுமக்கவேண்டும்? லாவோகூன் அலறுகிறான். அதைக் கேளாத விமர்சனம் விமர்சனமன்று.